வயிற்றுக்கு எதிராக ஒரு தவக்காலம்

வத்தளையில் ஒரு கல்யாணம். குடும்பப் படம் எடுக்க எல்லோரும் மேடையில் ஏறினோம். படம் பிடிப்பவன் கெமராவுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

"அங்கிள், கொஞ்சம் பின்னுக்குப் போங்க. பொம்பிள மறையிறா."

நான் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில்கூட நிற்கவில்லை. மூன்று பேர் தள்ளி நின்றேன். என் வயிறுதான் அவளுக்குப் பக்கத்தில் நின்றது.

அங்கேயே சபதம் எடுத்தேன். இந்த வயிற்றை ஒழித்துக்கட்டி, உடற்கட்டழகுப் போட்டி மேடையில் ஏறி, ஒரு படம் எடுத்துக்கொள்ளாமல் ஓய்வதில்லை. என் பெயர் சவுந்தரநாயகம். வயது நாற்பத்தேழு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கொம்பனியில் தலைமைக் கிளார்க். அதுவரை நான் தூக்கிய ஆகப் பாரமான பொருள் ஒரு பைல்.

சபதம் எடுப்பது சுலபம். அதை றஞ்சிதத்திடம் சொல்வதுதான் கஷ்டம். றஞ்சிதம் என் மனைவி. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக் குசினியில் சமைத்து, சுற்றியுள்ள கந்தோர்களுக்கு மத்தியானச் சோற்றுப் பார்சல் கொடுக்கிறாள். அவளுடைய பாரை மீன் குழம்பில் வளர்ந்ததுதான் என் வயிறு. அதை ஒழிக்கப்போகிறேன் என்றால் அவள் கோபிக்க மாட்டாள், சிரிப்பாள். அந்தச் சத்தம் கேட்டு அடுத்த வீட்டு ஷெரோமியும் வந்து, விஷயம் என்னவென்று கேட்காமலே சேர்ந்து சிரிப்பாள்.

நல்ல வேளையாகத் திருநீற்றுப் புதன் வந்தது. றஞ்சிதம் எதைத் தடுத்தாலும் தவக்காலத்து நோன்பைத் தடுக்க மாட்டாள்.

"இந்த முறை நாப்பது நாளும் முழு நோன்பு," என்றேன், நெற்றியில் சாம்பலோடு.

"நீங்களா?"

"நான்தான்."

"போன வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை இறைச்சி ரோல்ஸ் சாப்பிட்ட நீங்களா?"

"அது மரக்கறி எண்டு நினைச்சன்."

"மூண்டையும் முடிக்கும் வரைக்கும் நினைச்சீங்களா?" அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சரி, பிடிங்க. நான் குறுக்க நிக்கமாட்டன்."

மருதானையில் றொஹான் என்ற பயிற்சியாளனின் ஜிம்மில் சேர்ந்தேன். அங்கே ஒரு சுவர் முழுக்க இரட்டைப் படங்கள். ஒன்றில் தொப்பை, கீழே 'முன்' என்று எழுதியிருக்கும். மற்றதில் தசை, கீழே 'பின்'. அந்தச் சுவரில் எனக்கும் ஓர் ஆணி வேண்டும் என்று மனம் ஏங்கியது. வாழ்க்கையில் வேறெதற்கும் நான் அப்படி ஏங்கியதில்லை, கல்யாணம் உட்பட.

"பன்னிரண்டு கிழமையாவது வேணும் அங்கிள்," என்றான் றொஹான்.

"ஆறுதான் இருக்கு. நோன்பு முடிஞ்சா எனக்கு ஒளிய இடமில்ல."

நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் போட்டி, குருத்து ஞாயிறுக்கு முதல் நாள். அதுவரை அவித்த கோழி நெஞ்சு, முட்டை வெள்ளைக்கரு, வத்தாளங்கிழங்கு. அப்போதுதான் என் திட்டத்தில் இருந்த ஓட்டை எனக்கே தெரிந்தது. தவக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் இறைச்சி கிடையாது. நோன்பு பிடிப்பவன் வீட்டில் கோழி அவிப்பது எப்படி?

"ஒரு அன்ரி இருக்கிறா," என்றான் றொஹான். "பெட்டியில போட்டு அனுப்புவா."

பெட்டி வரத் தொடங்கியது. கந்தோரில் பழைய பைல்கள் இருக்கும் அறையைப் பூட்டிக்கொண்டு, ஒரு தவசி, தவக்காலத்தில், ஒளித்துக் கோழி சாப்பிட்டேன். உப்பில்லை, புளியில்லை, ஈரமுமில்லை.

"இத அவிக்கிற மனிசிக்குச் சமையல் எண்டா என்னெண்டே தெரியாது போல," என்றேன். "சொல்லிவை."

"சொல்றன் அங்கிள்."

முதல் வாரம் தொப்பை குறைந்தது. இரண்டாம் வாரம் கன்னம் குறைந்தது. மூன்றாம் வாரம் நான் குறைந்தேன். படுத்தால் நித்திரை வராது, இருந்தால் எழும்ப முடியாது. கந்தோரில் ஸ்டேப்ளரில் கம்பி தீர்ந்துபோனதற்கு அழுதேன். றஞ்சிதம் புதுச்சேலை கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். எனக்கு அவள் கையில் இருந்த பருப்புச் சட்டிதான் தெரிந்தது.

"ஃபேனை நிப்பாட்டு. குளிருது."

"பங்குனி வெயில்ல என்ன குளிர்?"

"நோன்புக் குளிர்."

"அப்பிடி ஒண்டு வேதாகமத்தில இல்லையே."

நாலாம் வாரம் அவளே ஒரு முறைப்பாட்டோடு வந்தாள்.

"இஞ்ச பாருங்க, ஷெரோமிட கந்தோர்ல பன்னிரண்டு பார்சலும் வேணாமெண்டுட்டாங்க."

"ஏன்?"

"சமைக்கிறவட புருஷனே எலும்பும் தோலுமாத் திரிஞ்சா, அந்தச் சோத்தில என்ன இருக்கும் எண்டு கேக்கிறாங்களாம்."

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. பத்து வருஷம் அடுப்படியில் நின்று அவள் சேர்த்த பெயரை நான் ஒரு மாதத்தில் மெலியவைத்துவிட்டேன். ஆனால் போட்டிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். "நோன்பு முடியட்டும்," என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் மண்டபத்துக் கூரை ஒழுகியது. போட்டியைத் தள்ளிவைத்தார்கள். எதுவரைக்கும்? நோன்பு முடியும் உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த சனிக்கிழமை வரைக்கும்.

உயிர்த்த ஞாயிறு மத்தியானம் மேசையில் புரியாணி. பக்கத்தில் கத்தரிக்காய் மோஜு, பொரித்த முட்டை, வட்டிலப்பம். வாசம் மூக்கால் ஏறி மூளையைப் பிடித்தது.

"ஆண்டவரே எழும்பிட்டார். நீங்களும் எழும்பி வந்து சாப்பிடுங்க," என்றாள் றஞ்சிதம்.

"எனக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு."

"ஏன், உங்களுக்கு மட்டும் வேற கலண்டரா?"

"இது நேர்த்திக்கடன்."

"என்ன நேர்த்தி?"

பட்டினி கிடப்பவனுக்குப் பொய்யும் வலுவாக வராது. அவள் நோகும் முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றாள். கண்ணில் பட்டதைச் சொன்னேன். "உன்ட முழங்காலுக்கு."

அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அப்படித்தான் நான் நினைத்தேன்.

"என்ட முழங்காலுக்கா? அப்ப அந்த ஆறு நாளும் நான் முழங்காலுக்கு வேலை குடுக்கக் கூடாதே."

கொடுக்கவில்லை. கந்தோருக்கு லீவு போடவைத்தாள். அரிசி மூட்டை இறக்கியது நான். தேங்காய் திருவியது நான். பார்சல் கட்டி, படியேறி, கந்தோர் கந்தோராகக் கொண்டுபோனதும் நான். போட்டியாளனுக்குக் கடைசி வாரம்தான் நரகம், உப்பைக் குறைத்து, தண்ணீரைக் குறைத்து, மாச்சத்தை மறக்க வேண்டும். அந்த வாரத்தில் தினமும் நாற்பது பேருக்குச் சோறு போட்டேன். ஒரு பருக்கை வாயில் வைக்கவில்லை. இப்படியொரு நோன்பை எந்தப் புனிதரும் பிடித்திருக்கமாட்டார்.

சனிக்கிழமை, வத்தளையில் தியானம் என்று சொல்லிவிட்டு மண்டபத்துக்குப் போனேன். உடம்பெல்லாம் கறுப்புச் சாயம் பூசினார்கள். உள்ளங்கை அளவு காற்சட்டையோடு மேடையில் நின்று மூச்சைப் பிடித்தேன். தசை எழும்பவில்லை, கெண்டைக்காலில் பிடிப்புத்தான் எழும்பியது. போட்டியிட்டது நாலு பேர். நான் நாலாவது. பரவாயில்லை, படம் எடுத்தாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் றஞ்சிதம் கட்டிலில் பழைய பேப்பர் விரித்தாள்.

"தியானத்தில இப்பிடிக் கறுப்பாங்களா?"

"திறந்தவெளித் தியானம்."

"உள்ளங்கை மட்டும் வெள்ளையா இருக்கே."

"கும்பிட்டபடியே இருந்தனான்."

அடுத்த நாள் றொஹான் எச்சரித்தான். "மெதுவா அங்கிள். பட்டினி கிடந்த உடம்பு இப்ப எதையும் விடாது. கிழமைக்கு ஒரு கரண்டி சோறு கூட்டுங்க." நானும் கரண்டியைத்தான் எடுத்தேன். கீழே வைக்கத்தான் மறந்துவிட்டேன். சாப்பிட்டு எழும்பும்போதே பசித்தது. மூன்று வாரத்தில் பதினொரு கிலோ. கணுக்கால் வீங்கிச் சப்பாத்து ஏறவில்லை. பழைய வயிறு தனியாகத் திரும்பி வரவில்லை, சொந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தது. பட்டினி முடிந்துவிட்டதென்று உடம்பு நம்பவே மாதக்கணக்காகுமாம்.

எனக்கிருந்த ஒரே ஆறுதல் அந்தப் படம். சுவரில் பார்க்க ஜிம்முக்குப் போனேன். ஆணி இருந்தது, படம் இல்லை.

"அன்ரி கேட்டா, குடுத்திட்டன்," என்றான் றொஹான்.

"எந்த அன்ரி?"

"கோழி அவிச்சு அனுப்பின அன்ரி." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்கட வீட்டு அன்ரி."

த்ரீவீல் பிடித்து வீட்டுக்கு ஓடினேன். கேற்றில் ஒரு போர்ட், கதவளவு. மேலே 'றஞ்சிதத்தின் சோற்றுப் பார்சல்'. இடப்பக்கம் மேடைப் படம். கண் பிதுங்கி, கன்னம் ஒட்டி, கரி பூசிய நான். கீழே 'முன்'. வலப்பக்கம் நேற்றைய மத்தியானத்து நான், பளபளவென்று, விரலைச் சூப்பிக்கொண்டு. கீழே 'பின்'. தெருவில் நாலு பேர் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்றேன், குசினியில் நின்ற றஞ்சிதத்திடம்.

"முதல் பெட்டியிலயே. ஆருக்கு எண்டு றொஹானக் கேட்டன், பேரச் சொன்னான். அதுக்குப் பிறகுதான் அவனுக்கும் விளங்கினது, பாவம்."

"தவக்காலத்தில கோழி அவிச்சியா நீ?"

"அவிச்சன். நான் சாப்பிடேல்லையே." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "சமையல் தெரியாத மனிசி எண்டு சொல்லிவிட்டதும் வந்து சேர்ந்தது."

வாசலில் இருந்த போர்டைப் பார்த்தேன், அவள் காலைப் பார்த்தேன். கடைசியில், "முழங்கால் எப்பிடி?" என்று மட்டும் கேட்டேன்.

"அருமை. நேர்த்தி பலிச்சிட்டுது."

"றஞ்சிதம், அந்தப் போர்டக் கழற்று. ஊர் சிரிக்குது."

"சிரிச்சவங்க எல்லாரும் பார்சலுக்குச் சொல்லிட்டுப் போறாங்க. ஷெரோமிட கந்தோரும் திரும்பி வந்திட்டுது."

"அப்ப நான் திரும்ப மெலியப்போறன். இந்த முறை ஒழுங்கா, பன்னிரண்டு கிழமை."

"மெலியக் கூடாது, போர்ட் பொய்யாப் போயிரும்," என்றாள் றஞ்சிதம். "கையக் கழுவிட்டு வாங்க, உங்களுக்கு ரெண்டு பார்சல் எடுத்து வச்சிருக்கிறன்."