வாசல் தண்ணீரும் ரங்கூன் போனும்

"யாரைக் கேட்டுய்யா அந்தக் கொழாய அடைச்சே?"

"இன்னாடி இது, தெனம் வாசல்ல தண்ணி தேங்கி நீங்க ரெண்டு பேரும்..."

"எனக்குப் பேஜாரா கீதுன்னு உன்னாண்ட வந்து சொன்னனா?"

"...போடற சண்டைய கொருக்குப்பேட்டையே வேடிக்க பாக்குது! நல்லது செஞ்சா திட்டறியே!"

நீலமேகத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டு வியாகுலம்மாளின் குழாய் ஒழுகி இவர்கள் வாசலில் தேங்கும். விடிந்ததும் அவளும் இவர் மனைவி தாயம்மாவும் பர்மா பாஷையில் ஒருவரையொருவர் கிழிப்பார்கள். சிறு வயதில் ரங்கூனிலிருந்து ஒரே கப்பலில் வந்து இறங்கியவர்கள். நீலமேகம் ஒழுகலை அடைத்தார், சண்டை நின்றது.

கூடவே ரங்கூனிலிருந்து வாராவாரம் வரும் ஞாயிற்றுக்கிழமை போனிலும் பேச்சு தடுமாறியது. தாயம்மாவின் அக்கா ராஜாத்தி, பர்மாக்காரரைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவள். போனில் எப்போதும் பர்மா பாஷைதான். பாவம், தமிழே மறந்துவிட்டாள் என்று தாயம்மா அழுததுண்டு. சண்டை நின்ற இந்த வாரம் தாயம்மாவுக்கு 'மழை'க்குப் பர்மா சொல் கூட வரவில்லை.

"அவளாண்ட பேச அந்த ஒரு பாஷதான்யா கீது. அதுவும் போச்சுன்னா எனக்கு அக்காவே இல்ல."

"அப்ப வியாகுலத்தாண்ட ஒக்காந்து பேசு."

நீலமேகம் டோல்கேட் வரை போய் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் வாங்கிவந்து இருவரையும் உட்காரவைத்தார். அதைக் கண்டதும் கண் கலங்கினார்கள். பேசியதோ முட்டிவலி, மருமகள், எல்லாம் தமிழில்.

"கோவம் வந்தாத்தாண்ணே அந்த பாஷ வரும்," என்றாள் வியாகுலம்மாள்.

"அப்ப சண்ட போடுங்களேன்!"

"எதுக்கு? தாயம்மா தங்கமாச்சே!"

மறுநாள் நீலமேகம் தானே ஒரு வாளித் தண்ணீரை வாசலில் கொட்டினார். வியாகுலம்மாள் துடைப்பத்தோடு ஓடிவந்து, "வுடுண்ணே, நான் தள்ளிடறேன்," என்றாள்.

ஞாயிறு காலை அவர் ஸ்பானரை எடுத்தார். கொஞ்சம் ஒழுகவிடலாம் என்றுதான் நினைத்தார். குழாய் கையோடு வந்துவிட்டது. இரண்டு வீட்டுக்குள்ளும் வெள்ளம். பெண்கள் இருவரும் ஒன்றுசேர்ந்து அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அவருக்குப் புரிய வேண்டுமே, அதனால் சுத்தத் தமிழில்.

போன் அடித்தது. சொட்டச் சொட்ட நனைந்திருந்த தாயம்மா கோபம் குறையாமல் எடுத்தாள்.

"அக்கா! இந்த ஆளு வூட்டயே கடலாக்கிட்டாருக்கா!"

தமிழில் கத்திவிட்டது அப்புறம்தான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ரங்கூனில் ஒரு சிரிப்பு கேட்டது.

"ஏண்டி, இங்க எதுத்த வீட்டுத் தமிழ்க்காரியோட தெனமும் தமிழ்லதாண்டி சண்ட போடறேன், உனக்கு பர்மா பாஷ மறந்துடக் கூடாதேன்னுதானே இத்தன வருஷமா உங்கிட்ட மட்டும் வாயக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன்?"