துப்பாக்கி நயினாரும் ராயர் ஓட்டல் போர்டும்

துப்பாக்கியும் கையுமாகத் திரிந்தவர்களில் துப்பாக்கி நயினாரைப் போன்ற சாது இந்தப் பூமியிலேயே இருந்திருக்க முடியாது. எறும்பு வரிசை குறுக்கே வந்தால், கடைசி எறும்பும் கடந்து போகிற வரை ரோட்டோரம் ஒதுங்கி நிற்பார். நிற்கிறவரின் தோளில் இரட்டைக் குழல் துப்பாக்கி தொங்கும். தென்னேரிப் பக்கத்து ஜைன விவசாயி அவர். தகப்பனார் பயிர்க் காவலுக்கென்று வைத்திருந்த துப்பாக்கி, நிலத்தோடு சேர்ந்து இவர் பெயருக்கு வந்தது. லைசென்ஸை எண்ணெய்த் தாளில் சுற்றி மடியில் வைத்திருப்பார்.

அறுபதுகளின் கடைசியில் நான் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு அருகே ராயர் ஓட்டலில் கல்லாவில் இருந்தேன். நயினார் புதன்கிழமைதோறும் கடலை மண்டிக்கு வருவார். வேலை முடிந்ததும் நேரே எங்களிடம்தான். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் அவர் தொடமாட்டார். அவை சேராத சாம்பார் அந்த வட்டாரத்தில் எங்களிடம் மட்டுமே உண்டு. குடிதண்ணீரைத் தம் வெள்ளைத் துணியில் வடிகட்டிக்கொள்வார். துப்பாக்கியைப் பக்கத்து நாற்காலியில் சாய்த்து வைப்பார். புதிதாகச் சேர்ந்த சப்ளையர் ஒருவன், பயத்தில் அதற்கும் ஓர் இலை போட்டுவிட்டான். நயினார் கோபித்துக்கொள்ளவில்லை. இலை வீணாகக் கூடாது என்று மோர் சாதத்தை அதில் வாங்கிச் சாப்பிட்டார்.

வினை ஒரு முகூர்த்த மாதத்தில் வந்தது. கல்யாணப் பட்டு எடுக்க வந்த வெளியூர்க் கூட்டம் ஓட்டலை அடைத்துக்கொண்டு டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நயினாரின் துப்பாக்கி நாற்காலியிலிருந்து நழுவிக் கல்தரையில் 'டமார்' என்று விழுந்தது. பெண்ணின் அப்பா மேஜைக்கு அடியில் போனார். கல்யாணப் பெண் சமையற்கட்டுக்குள் ஓடி மாவு அண்டாவின் பின்னால் ஒளிந்தாள். பையனின் மாமா தெருவில் பாய்ந்து, கிளம்பிக்கொண்டிருந்த ஏதோ பஸ்ஸில் ஏறிவிட்டார். வாலாஜாபாத்தில் போய்த்தான் அவரைப் பிடித்து வந்தார்கள். எங்கள் முதலாளி ராயரை அரிசி மூட்டைகளுக்கு நடுவிலிருந்து நான்தான் கைகொடுத்துத் தூக்கினேன்.

அடுத்த புதன்கிழமை வாசலில் போர்டு தொங்கியது: 'துப்பாக்கியுடன் உள்ளே வரக் கூடாது.'

நயினார் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். லைசென்ஸைப் பிரித்து ராயரிடம் நீட்டினார். ஜில்லா முழுக்கச் செல்லும் என்று சர்க்கார் எழுதிக் கொடுத்திருக்கிறது, உங்கள் ஓட்டல் ஜில்லாவுக்குள்தானே இருக்கிறது என்று நிதானமாகக் கேட்டார். ஜில்லா சர்க்காருடையதாக இருக்கலாம், ஓட்டல் தன்னுடையது என்றார் ராயர். உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்த ஏட்டய்யாவிடம் வழக்குப் போயிற்று.

"தெருவுல எடுத்துக்கினு போறதுக்கு லைசென்ஸ் இருக்குது, நான் ஒண்ணும் சொல்ல முடியாது," என்றார் ஏட்டு. "ஆனா இது ராயரோட இடம். வேணாம்னு அவரு சொன்னா வேணாம்தான்."

அப்படியானால் சாப்பிட்டு முடிக்கிற வரை கல்லாவில் வைத்துவிடலாமா என்று நயினார் கேட்டார். லைசென்ஸ் இல்லாத என் கையில் கொடுத்தால் எங்கள் இருவரையும் தாமே கூட்டிப்போக வேண்டியிருக்கும் என்றார் ஏட்டு. ஸ்டேஷனில் ஒப்படைக்கலாம், ஆனால் எழுதிக் கொடுத்துத் திரும்ப வாங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பொழுது சாய்ந்தால் ஜைனரான நயினார் சாப்பிடமாட்டார்.

அவர் சண்டை போடவில்லை. ஏட்டுக்கு ஒரு கும்பிடு, ராயருக்கு ஒரு கும்பிடு. எதிரே சைக்கிள் கடைப் படியில் போய் உட்கார்ந்து, தண்ணீரை வடிகட்டிக் குடித்துவிட்டு ஊர் திரும்பினார். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் ராயருக்கே சாப்பாடு இறங்கவில்லை. "எதிர்ல அவரு வெறும் வயித்தோட உக்காந்திருக்காருப்பா. போய் என்னன்னு கேளு," என்று என்னை அனுப்பினார்.

ஏன் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு வரக் கூடாது என்று கேட்டேன்.

"வீட்டுல என் தங்கச்சி வூட்டுக்காரர் இருக்காருப்பா. குறி தப்பாத ஆளு," என்றார். "மழ பேஞ்சா எங்க ஏரிக்கு எங்கிருந்தோ குருவிங்க வருது. ஒரு வாட்டி நான் இல்லாதப்ப இத எடுத்துக்கினு போயிட்டாரு. அன்னிலேருந்து நான் எங்க போனாலும் இதுவும் கூட வருது."

சர்க்காரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமே என்றேன். மறுநாளே மச்சான் தன் பெயருக்கு மனுப் போட்டுவிடுவாராம். தோட்டா இருக்கிறதா என்று தயங்கிக் கேட்டதற்குக் குழலை என் பக்கம் சாய்த்துக் காட்டினார். ஒன்றில், மண்ணால் அடைத்த கூடு. காய்ச்சலில் படுத்திருந்தபோது குளவி கட்டிவிட்டதாம். குஞ்சு வெளியே வருகிற வரை ஆட்டாமல் தூக்கி வருகிறாராம்.

ராயரிடம் வந்து சொன்னேன். அவர் ஒரு மேஜையைத் தாமே இழுத்துக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே, கூரை நிழலில் போட்டார். நயினாரைக் கூப்பிட்டார். நயினார் போர்டைக் காட்டித் தயங்கினார்.

"உள்ள வரக் கூடாதுன்னுதான் எழுதியிருக்கேன். சாப்பிடக் கூடாதுன்னு எழுதலையே," என்றார் ராயர்.

தாமே இலை போட்டுப் பரிமாறினார். ஆனால் கையை நீட்டி, எட்ட நின்றே பரிமாறினார். துப்பாக்கியைவிடக் குளவியிடம் அவருக்குப் பயம் அதிகம். போர்டை அவர் கடைசிவரை எடுக்கவில்லை. நயினாரும் ஒருநாள்கூட வாசலைத் தாண்டவில்லை. எழுபதுகளின் நடுவில் நான் வேறு வேலைக்குப் போகிற வரை, புதன்கிழமைச் சாப்பாடு அந்த மேஜையில் தவறாமல் நடந்தது.

கிளம்புவதற்கு முன் ஒரு மழைக்காலத்தில், நயினார் அழைத்தாரென்று அவர் ஊருக்குப் போயிருந்தேன். ஏரிக்கரையில் நின்றோம். தண்ணீர் தெரியாமல் கொக்கும் நாரையும் நீர்க்கோழியும். மகள் கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்ப்பதுபோல் நயினார் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் வந்துட்டுதுங்க," என்றார் மெதுவாக.

தோளில் துப்பாக்கியோடு நின்ற அவரைக் கண்டு அந்தக் கூட்டத்தில் ஒரு பறவைகூடப் பறக்கவில்லை. அவர் யாரென்று அவற்றுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கர்வம்தான்.