முப்பத்திரண்டு வெள்ளைப் பல்

"பத்து மணி பேஷன்ட்டோட எக்ஸ்ரே எங்கம்மா?"

உள்ளறையிலிருந்து பல் டாக்டரின் குரல் பாய்ந்து வந்தது. வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்த பட்டாசு மவுஸை இறுகப் பிடித்தாள். அவள் வேகத்தைப் பார்த்து டாக்டரே வைத்த பெயர் அது. மூன்று மாதச் சோதனைக் காலம் இன்றோடு முடிகிறது. வேலை நிரந்தரமா, வீட்டுக்கா? சாயங்காலம் தெரிந்துவிடும்.

"இதோ டாக்டர், ஒரே நிமிஷம்!"

கம்ப்யூட்டர் திரையில் முப்பத்திரண்டு பற்கள் பளபளத்தன. எல்லாம் ஒரே அச்சு.

நேற்று டாக்டர் விட்ட ஒரு வார்த்தைதான் வினை. "இந்த மஞ்சள் ஃபோல்டருங்களைப் பார்த்தாலே விளக்காத பல்லு மாதிரி இருக்கு."

போதாதா? இன்று ஒரு மணி நேரம் முன்பே வந்து, செட்டிங்ஸைத் திறந்து, ஐகான் ஒவ்வொன்றையும் வெள்ளைப் பல்லாக்கிவிட்டாள். குப்பைத்தொட்டியைக்கூட விடவில்லை. பல்லிடுக்கில் சிக்கிய துணுக்கு போல் கீழே தொங்கிய பெயர்களையும் துடைத்துவிட்டாள்.

முதல் பல்லைத் தட்டினாள். டாக்டர் குளியலறையில் பாடிப் பதிந்து வைத்திருந்த பாட்டு அலறியது.

"ஏய், அது பர்சனல்! மூடு, மூடு!"

உள்ளறை நாற்காலியில் வாய் பிளந்து கிடந்தவர், வாய் நிறையப் பஞ்சோடு கையை ஆட்டினார். "ஆங்... ங்கம்... ட்டர்..."

"வலிக்குதா? பொறுத்துக்குங்க. நம்ம பொண்ணு சூரப்புலி, எடுத்துடும்."

சூரப்புலி 'வரிசைப்படுத்து' என்பதை அழுத்தினாள். பற்கள் குதித்து இடம் மாறின. திறந்தது எது, திறக்காதது எது? போச்சு! மறுபடி முதலிலிருந்து தட்டினாள். பதினெட்டாவது பல்லில்...

"கிடைச்சிடுச்சு டாக்டர்!"

சந்தோஷத்தில் அந்தப் பல்லைத் தனியாக இழுத்தாள். வழியில் இன்னொரு பல்லின் மேல் கை நழுவியது. பல்லைக் காணோம்.

"டாக்டர், ஒரு பல்லு இன்னொரு பல்லை முழுங்கிடுச்சு!"

"என்னம்மா உளர்ற?"

செட்டிங்ஸுக்கு ஓடினாள். 'பழையபடி மாற்று' என்று இருந்ததை அமுக்கினாள். முழுங்கிய பல் தன் சுயரூபத்தைக் காட்டியது. குப்பைத்தொட்டி! எக்ஸ்ரே உள்ளேதான் இருக்கிறது. அவசரமாக எதையோ தட்ட, திரை ஏதோ கேட்டது. பட்டாசு படித்துவிட்டு அழுத்தும் ரகமில்லை. 'ஆம்' என்றாள்.

தொட்டி சுத்தமாகக் காலி.

"டாக்டர்... போயிடுச்சு."

"என்ன போயிடுச்சு?"

"எக்ஸ்ரே."

"அப்ப சாயங்காலம் நீயும் போயிடு!" டாக்டர் பல் பிடுங்கும் கொறடாவை எடுத்தார். "எக்ஸ்ரே எதுக்கு? என் அனுபவம் போதும். கடைசிப் பல்லுதான், இழுத்துடறேன்."

பட்டாசின் கண் கலங்கியது. நாற்காலிக்காரர் துள்ளி எழுந்தார். பஞ்சுகள் நாலா பக்கமும் தெறித்தன.

"பல்லை விடுங்க சார்! கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வரச்சொல்லிட்டு, பேச வாயைத் திறந்ததும் பஞ்சை வெச்சு அடைச்சிட்டீங்களே... நகருங்க, அந்தப் பொண்ணு அழிச்சதை நான் எடுத்துத் தரேன்!"