சுவரில் வந்த பெரியம்மா

"இலைகள் பெரியம்மா வாயை உள்ளே இழுத்துக்கொண்டு பிராண நாயை வெளியே விடுகின்றன."

ஏழாம் வகுப்புச் சுவரில் ஒரு முழ உயர எழுத்தில் இந்த வாக்கியம் வந்து நின்றபோது, அறிவியல் டீச்சர் பக்கத்திலிருந்த கரும்பலகையில் இலை வரைந்துகொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் வகுப்பே சிரித்ததும் சுவரைப் பார்த்தார். அவர் சொன்னது கரியமில வாயுவை, பிராண வாயுவை. கணினியின் காதில் விழுந்ததுதான் வேறு.

முப்பத்தைந்து பிள்ளைகள் சிரித்தார்கள். முதல் பெஞ்சில் இருந்த புதுப்பெண் மட்டும் சிரிக்கவில்லை. டீச்சருக்கு மனசு சுருங்கிப்போனது. இத்தனை ஏற்பாடும் அவளுக்காகத்தான்.

அந்தப் பெண் பள்ளியில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இரண்டு காதிலும் கருவி மாட்டியிருப்பாள். அப்படியும் பாதிப் பேச்சு கேட்காது. பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்தேதான் எழுதுவாள். போன வாரம் பக்கத்துப் பெண் இதயத்துக்கு ஆறு அறை என்று எழுதியிருந்தாள். இவள் நோட்டிலும் ஆறு அறை. அந்த இரண்டு நோட்டையும் திருத்திய அன்று டீச்சருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பள்ளியில் டீச்சருக்கு 'இலவசம்' என்று பட்டப்பெயர். இணையத்தில் சும்மா கிடைக்கும் எதையும் தேடிப் பிடித்து வகுப்புக்குக் கொண்டுவந்துவிடுவார். சுற்றும் பூமி, துடிக்கும் இதயம், பிள்ளைகள் போட்டி போட வினாடி வினா, எல்லாம் செலவில்லாமல். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்ன, நிறையவே. அப்படிக் கண்டுபிடித்ததுதான், பேசப் பேச, புரொஜெக்டர் வழியாகச் சுவரில் எழுதிக் காட்டும் இந்த இணையதளம்.

"பெரியம்மா சௌக்கியமா டீச்சர்?" என்றார் ஆசிரியர் அறையில் கணக்கு சார்.

"மெஷின் மேல தப்பில்ல சார். நான் போர்டப் பாத்துப் பேசறேன். அதுக்கு எப்படிக் கேக்கும்?"

உண்மைதான். இருபத்திரண்டு வருடமாக அவர் எழுதிக்கொண்டே பேசுகிறவர். பிள்ளைகள் அவர் முகத்தைவிடப் பின்னலைத்தான் அதிகம் பார்த்திருப்பார்கள்.

மறுநாள் மடிக்கணினியை முதல் பெஞ்சிலேயே வைத்தார். அதற்கு நேர் எதிரே, வகுப்பைப் பார்த்தபடி நின்றார். பலகைக்குத் திரும்ப முடியாது என்பதால் படத்துக்கு இன்னொரு இலவசம்: இணைய வரைபலகை. பிள்ளைகளும் கைவைக்கட்டும் என்று பள்ளி டேப்லெட்டுகளில் அதைத் திறந்துவிட்டார். சுவரின் ஒரு பாதியில் இலை, மறுபாதியில் எழுத்து. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஐந்து நிமிடத்தில் இலைக்கு மீசை முளைத்தது. பிறகு மூக்குக்கண்ணாடி.

"யாரு வரைஞ்சது?" என்று கேட்டார் டீச்சர்.

"யார் வர அஞ்சியது?" என்று கேட்டது சுவர்.

அதற்குமேல் அன்றைக்குப் பாடம் நகரவில்லை.

வீட்டில் பஸ் ஓட்டும் கணவரிடம் புலம்பினார். "நேரா நின்னு பேசியும் அதுக்குப் புரியல."

"நீ பேசற வேகத்துக்கு எனக்கே பாதிதான் புரியும்."

"அப்புறம் எப்படி எல்லாத்துக்கும் சரி சரிங்கறீங்க?"

"சரின்னு சொல்றதுக்குப் புரியணுமா என்ன?"

டீச்சர் கோபப்படவில்லை. அந்த நிமிடமே பயிற்சியை ஆரம்பித்துவிட்டார். உதட்டை நன்றாகத் திறந்து, சொல்லுக்குச் சொல் நிறுத்தி, "உங்களுக்கு... இன்னும்... கொஞ்சம்... டீ... வேணுமா?" என்றார்.

"வேணும். நீ கேட்டு முடிக்கறதுக்குள்ள இருக்கறதும் ஆறிடும் போல."

வகுப்பில் இந்த நிதானம் வேலை செய்தது. எழுத்து ஓரளவு சரியாக வந்தது. ஆனால் இலவசத்துக்கு ஒரு குணம் உண்டு: பேச்சு கொஞ்சம் நின்றால் போதும், அந்த இடைவெளியில் விளம்பரம் வந்து உட்காரும். "ஒளிச்சேர்க்கைக்கு முக்கியமாத் தேவைப்படுவது..." என்று டீச்சர் நிறுத்தினார். சுவர் முடித்துவைத்தது: "மூன்றே வாரத்தில் நீண்ட கூந்தல்."

டீச்சர் விடுகிறவர் இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து, விளம்பரம் இல்லாத வேறொரு தளத்தைக் கண்டுபிடித்தார். அதில் ஒரு வசதி இருந்தது. கணினி எந்தச் சொல்லைத் தப்பாகக் கேட்கிறதோ, அதற்குப் பதில் எதை எழுத வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். டீச்சர் பட்டியல் போட்டார். பெரியம்மா வந்தால் கரியமில. நாயை வந்தால் வாயுவை. வாயை வந்தாலும் வாயுவை.

திங்கட்கிழமை சுவரில் ஒரு பிழை இல்லை. "இலைகள் கரியமில வாயுவை உள்ளே இழுத்துக்கொண்டு பிராண வாயுவை வெளியே விடுகின்றன." தானே ஒரு முறை படித்துப் பார்த்து, புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

பிள்ளைகளுக்குத்தான் ஏமாற்றம். பெரியம்மா எங்கே என்று பின்பெஞ்சு கேட்க, முன்பெஞ்சு பதில் சொல்ல, சத்தம் வராந்தாவரை போனது. தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றார்.

"என்ன கிளாசா, சந்தையா? எல்லாரும் வாயை மூடுங்க."

கணினி கடமையைச் செய்தது. "எல்லாரும் வாயுவை மூடுங்க" என்று சுவரில் எழுதிக் காட்டியது.

பிறகு நடந்ததை வகுப்பு என்று சொல்ல முடியாது. இரண்டு பேர் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டார்கள்.

தலைமையாசிரியர் சுவரை இரண்டு தடவை படித்தார். "யாரு எழுதினது இது?"

"நீங்கதான் சார்," என்றார் டீச்சர், மிகுந்த மரியாதையுடன்.

அன்று மதியம் தலைமையாசிரியர் அறையில் முடிவு சொல்லப்பட்டது. "வெள்ளிக்கிழமை டெஸ்ட் வரைக்கும் பொறுக்கறேன் டீச்சர். அந்தப் பொண்ணுக்கு மார்க் வந்தா சரி. வரலேன்னா உங்க இலவசத்தையெல்லாம் மூட்டை கட்டிடுங்க."

அடுத்த மூன்று நாளும் டீச்சர் கணினியை நம்பாமல், அதற்கு எதிரே நின்று ஒவ்வொரு சொல்லையும் உதட்டால் செதுக்கினார். சுவரில் தப்பு வந்தால் அதே வாக்கியத்தை இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை, இன்னும் மெதுவாகச் சொன்னார். வீட்டுக்குப் போனால் தாடை வலித்தது.

வெள்ளிக்கிழமை தேர்வு. டீச்சர் முதலில் புதுப்பெண்ணின் தாளைத்தான் எடுத்தார். சிவப்புப் பேனாவுக்கு ஒரே ஒரு இடத்தில்தான் வேலை. இருபதுக்குப் பத்தொன்பது. சந்தேகம் வந்து பக்கத்துப் பெண்ணின் தாளைப் பிரித்தார். புதுப்பெண் செய்திருந்த ஒரே தப்பு அப்படியே அங்கேயும் இருந்தது. இந்தத் தடவை யார் யாரைப் பார்த்து எழுதியது என்பதில் டீச்சருக்குச் சந்தேகம் இல்லை. திட்ட வேண்டிய விஷயம். ஆனால் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

தாளைக் கையில் பிடித்தபடி ஆசிரியர் அறைக்குப் போனார். யாரும் கேட்காமலே காட்டினார். கணக்கு சார் நெடுநேரம் பார்த்தார்.

"அந்த வெப்சைட் பேரக் கொஞ்சம் எழுதிக் குடுங்க டீச்சர்," என்றார் கடைசியில்.

தலைமையாசிரியர் அதற்கும் மேலே போனார். எல்லா வகுப்பிலும் இனிமேல் இந்த முறைதான் என்று சுற்றறிக்கையே எழுதிவிட்டார். கையெழுத்துப் போடும் சமயத்தில் புதுப்பெண்ணின் அம்மா வந்தார். மருந்துக்கடையில் வேலை செய்கிறவர். பள்ளியிலிருந்து அழைத்ததும் கடை உடுப்போடு ஓடி வந்திருந்தார். மகளின் தாளைக் கையில் வாங்கி, மேலிருந்து கீழ்வரை படித்தார். பக்கத்தில் நின்ற டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் பெருமையெல்லாம் டீச்சர் கண்டுபிடிச்ச அந்த மெஷினுக்குத்தாம்மா," என்றார் தலைமையாசிரியர். "பைசா செலவு கிடையாது."

டீச்சருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "எழுத்து அவளுக்கு நல்லாத் தெரியுதாம்மா? வேணும்னா இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணிடறேன்."

அந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்த எழுத்து டீச்சர்? அவ உங்க முகத்த விட்டுக் கண்ண எடுக்கறதே இல்லையாம். 'எங்க டீச்சர் இப்ப எங்களப் பாத்து, நிறுத்தி நிறுத்திப் பேசறாங்கம்மா, உதட்டப் பாத்தே பாடம் முழுக்கப் படிச்சிடறேன்'னு தினமும் வந்து சொல்றா."