முடிச்சர் நாலு மணி நேரம் இல்லாமல் இருந்த வரலாறு

உலகத்தைத் தாங்குவது ஆமை என்பார்கள் சிலர். பாம்பு என்பார்கள் சிலர். இரண்டு கட்சியும் விஞ்ஞானம் அறியாத கட்சி. உலகத்தைத் தாங்குவது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சலவைக் கடைக்கு மேல்மாடியில், ஜன்னலோரமாகக் கிடக்கிறது. நாலு காலில் ஒன்று கொஞ்சம் வளைந்தது. அதில் உட்கார்ந்திருப்பவர்தான் முடிச்சர்.

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கும் உண்டு. ஆனால் ‘மூட்டைமுடிச்சு’ என்ற மகத்தான மென்பொருளைப் படைத்து, ஒன்பது வருஷமாகக் கட்டிக் காத்து வருவதால் நாற்பது லட்சம் பேருக்கு அவர் முடிச்சர். மூட்டைமுடிச்சு என்றால் என்ன என்று கேட்கிறவர்கள் பாக்கியசாலிகள். அவர்களுக்கும் சொல்லிவிடுவோம். இந்தக் காலத்தில் எவரும் ஒரு மென்பொருளை முழுக்கத் தானே எழுதுவதில்லை. ஊரார் எழுதிப் பொதுவில் போட்டு வைத்திருக்கும் துண்டுகளை எடுத்து ஒட்டிக்கொள்வதே நாகரிகம். ஒரு துண்டுக்கு இன்னொரு துண்டு வேண்டும். அதற்கு இன்னும் ஏழு வேண்டும். அந்த ஏழில் இரண்டு ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்காது. எல்லாவற்றையும் தேடிப் பிடித்து, பஞ்சாயத்துப் பேசி, சரியான பதிப்பைக் கொண்டுவந்து இறக்குவது மூட்டைமுடிச்சின் வேலை. கப்பல் ஓடுகிறது, தொலைக்காட்சி ஓடுகிறது, தெருமுனை சிக்னல் விளக்கு மாறி மாறி எரிகிறது என்றால் எல்லாம் அதன் புண்ணியம்.

இது ‘திறந்த மூல’ மென்பொருள். யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், கை கொடுக்கலாம். கதவு ஒன்பது வருஷமாகத் திறந்தே கிடக்கிறது. எல்லோரும் வருகிறார்கள், எட்டிப் பார்க்கிறார்கள், “அதோ ஒட்டடை” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இப்படிச் சொல்வதற்குக் ‘குறைப் பதிவு’ என்று பெயர். குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே முடிச்சர் இதை ஒழிந்த நேரத்தில் தொடங்கினார். அதற்குப் பிறகு அவருக்கு ஒழிந்த நேரம் என்பதே ஒழிந்துபோயிற்று.

இப்பேர்ப்பட்ட மகான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆறாயிரத்து முன்னூற்று ஒன்றாவது குறைக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தபோது, வலது விலாவைப் பிடித்துக்கொண்டு நாற்காலியோடு சாய்ந்தார். அவர் மனைவி ஓடி வந்தார். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவர். வாயைத் திறந்தபடி பதில் சொல்லத் தெரியாமல் கிடப்பவர்களைத் தினமும் பார்த்துப் பழகியவர்.

“என்னங்க, என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. மறுபடி ஒரு தடவை முயற்சி பண்ணா சரியாயிடும்.”

“எது?”

“மூச்சு விடுறது.”

ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் பதினாலு கல்.

“இந்த வாரமே எடுத்துடணும்,” என்றார் டாக்டர். “தள்ளிப் போட்டா உயிருக்கே ஆபத்து.”

“நான் எத்தனை மணி நேரம் இல்லாம இருப்பேன் டாக்டர்?”

“எங்க இல்லாம?”

“ஆன்லைன்ல.”

“மயக்கம், ஆபரேஷன், தெளியறது எல்லாம் சேத்து ஒரு நாலு மணி நேரம்.”

பதினாலு கல்லுக்குக் கலங்காத முகம் இதற்கு வெளுத்தது. “முழு மயக்கம் வேண்டாமே. கையை மட்டும் வெளியில விட்டு...”

டாக்டர் மனைவியைப் பார்த்தார். “நீங்க எடுங்க டாக்டர்,” என்றார் மனைவி. “கையையும் சேத்து எடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல.”

முடிச்சரின் பயத்தைக் கேலி செய்யக்கூடாது. மூட்டைமுடிச்சில் ஏதாவது உடைந்தால், திருத்திய பதிப்பை வெளியிடத் தெரிந்த ஆள் இந்தப் பூமியில் ஒருவர்தான். அந்த ஒருவர் மயக்கத்தில் கிடந்தால் நாற்பது லட்சம் பேர் கதி அதோகதி. இதனால்தான் அவர் ஒன்பது வருஷமாக எல்லோரிடமும் ஒன்றையே கேட்டு வந்தார்: கூட ஒரு ஆள்.

அவசரக் கூட்டம் கூடியது. மூட்டைமுடிச்சுக்குப் பதினொரு பேர் கொண்ட ‘வழிகாட்டுக் குழு’ ஒன்று உண்டு. எல்லாத் திசையிலும் வழி காட்டுவார்கள். நடப்பது மட்டும் முடிச்சர். அவரவர் வீட்டிலிருந்து பதினொரு பேரும் திரையில் உதித்தார்கள்.

“முதல்ல,” என்றார் தலைவர் தழுதழுத்து, “நம்ம சமூகத்தின் சார்பா முடிச்சருடைய பித்தப்பைக்கு நன்றி சொல்லிக்கிறேன்.”

திரையில் பதினொரு சிவப்பு இதயங்கள் மிதந்து மேலே போயின.

‘விதிப்புத்தகம்’ என்று பெயரெடுத்த அம்மையார் கை உயர்த்தினார். “ஒரு சந்தேகம். பயன்பாட்டுல இருக்கிற ஒரு பகுதியை முன்னறிவிப்பு இல்லாம நீக்குறது நம்ம விதிக்கு விரோதம். ‘இது விரைவில் கைவிடப்படும்’னு முதல்ல அறிவிக்கணும். அப்புறம் ரெண்டு பதிப்பு வரைக்கும் வச்சிருக்கணும்.”

“ரெண்டு பதிப்புன்னா ஒரு வருஷம் மேடம். அதுக்குள்ள நானே கைவிடப்பட்டுடுவேன்.”

கப்பல் கம்பெனியின் பிரதிநிதி தொண்டையைச் செருமினார். “பித்தப்பையை நம்பி வேற ஏதாவது உறுப்பு இருக்கா? பாத்தீங்களா?”

“கல்லீரல் இருக்கு.”

“கல்லீரலுக்குத் தகவல் சொல்லியாச்சா?”

இந்த ஆழமான விவாதம் நாற்பது நிமிடம் நடந்தது. கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைக்கலாமா என்று ஒரு துணைக் குழுவே போட்டார்கள். கடைசியில் முடிச்சர் விலாவை அமுக்கிக்கொண்டு பேசினார்.

“எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. யாராவது ஒருத்தர் ரெண்டு நாள் என்கூட உக்காந்து, பதிப்பை எப்படி வெளியிடுறதுன்னு கத்துக்கணும். ஒருத்தர் போதும்.”

பதினொரு மைக்குகளும் அணைந்தன. கப்பல் கம்பெனிக்காரர் திடீரென்று உறைந்துபோனார், இணைப்புக் கோளாறாம். அவருக்குப் பின்னால் மின்விசிறி மட்டும் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“அருமையான கருத்து,” என்றார் தலைவர். “இதை நாம எல்லாரும் மனசுல வச்சுக்குவோம். அடுத்தது, அந்த நாலு மணி நேரத்துக்கு ஒரு ‘தொடர்ச்சித் திட்டம்’. யாரெல்லாம் வரீங்க?”

அடேயப்பா! பதினொரு கைகள் உயர்ந்தன. உறைந்தவரும் உருகி வந்து கை தூக்கினார். முடிச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒன்பது வருஷத்தில் அவர் காணாத காட்சி இது.

அடுத்த இரண்டு நாளும் குழு பம்பரமாகச் சுழன்றது. அவர்களுடைய பொது ஆவணத்தில் பதினொரு பேரும் எந்நேரமும் எழுதிக்கொண்டிருந்தது வெளியிலிருந்தே தெரிந்தது. உள்ளே போய்ப் பார்க்க மட்டும் முடிச்சருக்கு அனுமதி இல்லை. “நீங்க ரெஸ்ட் எடுங்க, நாங்க இருக்கோம்,” என்று தலைவர் அன்பாகப் பூட்டிவிட்டார்.

“எல்லாரும் கத்துக்கிறாங்க பாரு!” முடிச்சர் சின்னப் பிள்ளை மாதிரிக் குதித்தார், விலா வலித்ததும் உட்கார்ந்தார். “நான்தான் ஜனங்களைத் தப்பா நினைச்சுட்டேன்.”

“உங்களை ஒரு சந்தேகம்கூடக் கேக்கலியே?”

“கேக்காமலே புரியுதுன்னா நான் எவ்வளவு தெளிவா எழுதியிருக்கேன்னு பாரு. ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. நான் சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ.”

“அது எதுக்கு?”

“ஊக்கத்துக்கா இருக்கும்.”

மனைவி சொல்லிப் பயனில்லை என்று தெரிந்த முகத்தோடு துண்டை மடித்துப் பையில் வைத்தார்.

ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் ஒரு தடங்கல். “சிஸ்டம் நின்னுடுச்சு சார், அட்மிஷன் போட முடியல,” என்றார் அங்கிருந்த பெண். “ஏதோ மூட்டைமுடிச்சுன்னு வருது. எவன் செஞ்சானோ, அவன் விளங்கவே மாட்டான்.” முடிச்சர் பவ்யமாக மேஜைக்கு உள்ளே போய், குனிய முடியாமல் குனிந்து, ஆறு வரி தட்டினார். சிஸ்டம் எழுந்தது. “பரவாயில்லையே, உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?” என்று அந்தப் பெண் அவருக்கு நல்ல கட்டிலாகப் பார்த்துக் கொடுத்தார். ஒன்பது வருஷத்தில் அவருக்கு நேரில் கிடைத்த முதல் மரியாதை அது. மகிழ்ச்சியோடு மயங்கினார்.

கண் விழித்தபோது பக்கத்தில் மனைவி. கையில் அவருடைய போன்.

“பதினாலு கல்லும் வந்தாச்சு. பயமில்லைன்னுட்டார் டாக்டர்.”

“வேற ஏதாவது உடைஞ்சுதா?”

“உடைஞ்சுது. நீங்க உள்ள போன பத்தாவது நிமிஷம். யாரோ ஒரு புண்ணியவான் பொதுவுல போட்டிருந்த தன் துண்டைத் திருப்பி எடுத்துக்கிட்டாராம். பாதி உலகம் நிக்குது.”

“குழு? பதினொரு பேர் இருக்காங்களே, வெளியிட்டாங்களா?”

“வெளியிட்டாங்க.” மனைவி போனைக் காட்டினார்.

முடிச்சர் சிரித்துக்கொண்டிருந்தார், போட்டோவில். சுற்றிலும் கறுப்புக் கட்டம். கீழே, ‘மறைந்த மாமேதைக்குக் கண்ணீர் அஞ்சலி’.

“கூப்பிட்டுப் பாத்தாங்களாம், நீங்க எடுக்கலியாம். ரெண்டு நாளா எழுதின ‘தொடர்ச்சித் திட்டம்’ இதுதானாம். மூணு மணி நேரம் பதில் வரலைன்னா போட்டுடணும்னு ஏற்பாடாம். எனக்கே நூத்தி எட்டுப் பேர் ஆறுதல் சொல்லிட்டாங்க.”

முடிச்சர் படித்தார். என்ன நடை, என்ன நயம்! எழுதியவர் பதினொருவர். திருத்தியவர் அறுபத்து நாலு பேர். பன்னிரண்டு மொழியில் பெயர்ப்பு தயார். ஒரு காற்புள்ளியைப் பற்றிய கருத்து வேறுபாடு இருபதே நிமிடத்தில் தீர்ந்திருக்கிறது. தொள்ளாயிரம் பேர் சரிபார்த்து ஒப்புதல் தந்திருக்கிறார்கள். ஒருவரும் யாரையும் கெஞ்சவில்லை. எவருக்கும் இணைப்பு அறுந்துபோகவில்லை. திறந்த மூலத் தத்துவத்தின் உச்சம் என்றால் அதுதான்.

“என்னால தாங்க முடியலம்மா,” என்றார் முடிச்சர். “இத்தனை பேருக்கு நேரம் இருந்திருக்கு.”

போன் அதிர்ந்தது. தலைவர். மனைவி எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார்.

“அம்மா, எங்க ஆழ்ந்த அனுதாபம். அது ஒரு பக்கம் இருக்கட்டும், அவர் கண்ணு முழிச்சாரா? சும்மா ரெண்டு நிமிஷ வேலை...”

“செத்தவங்க வேலை செய்யறது எங்க குடும்பத்துல வழக்கம் இல்லீங்க,” என்று மனைவி வைத்துவிட்டார்.

முடிச்சர் கையை நீட்டினார். “குடு. ஒரே ஒரு திருத்தம்.”

“ஐயோ, வேலையா?”

“மூட்டைமுடிச்சுல இல்ல. இதுல. இதை யார் வேணாலும் திருத்தலாமாம்.”

அஞ்சலியில் எல்லோரும் அதிகமாக இதயம் போட்டிருந்த வரி, ‘ஒன்பது ஆண்டுகள் இத்தனை பாரத்தையும் தன்னந்தனியாகச் சுமந்தார்’ என்பது. முடிச்சர் அதில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. அதற்குப் பின்னால் ஒரு வாக்கியம் சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டார்:

‘நாங்கள் பக்கத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தோம்.’