மாப்பிள்ளைச் சூடு

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவனுக்கு உலகத்தில் உள்ள எல்லா மெஷினும் தெரியும் என்று இரண்டு பேர்தான் நம்புவார்கள். ஒருவர் அவனைப் பெற்றவர், இன்னொருவர் அவனுக்குப் பெண் கொடுத்தவர். நான் படித்தது மெக்கானிக்கல்தான். ஆனால் கீரனூரிலிருந்து தினமும் பஸ்ஸேறித் திருச்சிக்குப் போய்ப் பார்ப்பது இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை. நான் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தால் கட்டில் கால் கழன்றுவிடும் (எடுத்திருக்கிறேன், கழன்றிருக்கிறது).

என் மாமனார் குவைத்தில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, திருவரங்குளம் பக்கம் தோப்புக்குள் வீடு கட்டியவர். முழங்கால் வலிக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் நடந்தால் நல்லது என்று டாக்டர் சொல்லப்போக, மனுஷர் ஒரு நீச்சல் குளத்தையே கட்டிவிட்டார். தண்ணீரைச் சூடாக்க ஹீட் பம்ப் ஒன்றும் வந்து இறங்கியது. பார்க்க ஏசியின் வெளிப்பெட்டி மாதிரி இருக்கும். எனக்கு அது தலைப்பொங்கல். புது மாப்பிள்ளை கையால் மெஷினை ஓட்டி, சொந்தபந்தம் பார்க்கக் குளத்தில் இறங்க வேண்டும் என்பது அவர் ஆசை. தெரியாது என்று சொன்னால் பெண் வீட்டில் என் மரியாதை என்னாவது? அதெல்லாம் ஒரு வேலையா மாமா என்று சொல்லிவிட்டேன்.

எங்கே வைப்பது என்று நான் யோசிக்க அவர் இடமே கொடுக்கவில்லை.

"சூடு பண்ற மெஷினு மாப்ள. அக்னி மூலையிலதான் இருக்கணும்."

தென்கிழக்கில் அதற்கென்றே ஜன்னல்கூட இல்லாமல் ஒரு சின்ன அறை கட்டி வைத்திருந்தார். நாலு பக்கமும் காற்றோட்டம் வேண்டும் என்று மெஷினோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. எல்லாப் புத்தகத்திலும் இப்படித்தான் எதையாவது போடுவார்கள். நான் என் படிப்பு மொத்தத்தையும் திரட்டி, சூடு வீணாகாமல் இருக்க அறை அடைப்பாக இருப்பதுதான் நல்லது என்று விளக்கினேன். கதவையும் நானே சாத்தினேன்.

பொங்கலுக்கு முதல் நாள் சுவிட்சைப் போட்டதும் மெஷின் நன்றாகவே உறுமியது. சாயங்காலம் குளத்தில் கையை விட்டால் கிணற்றுத் தண்ணீர்தான். புது மெஷின், சூடேற நேரமாகும் என்று சமாளித்தேன்.

மறுநாள் காலையில் மாமியார் அந்த அறையிலிருந்து ஏக சந்தோஷமாக வந்தார். உள்ளே ஜில்லென்று இருக்கிறதாம். பூவையும் பாலையும் அங்கேயே வைத்துவிட்டாராம். பதறிப்போய்க் கதவைத் திறந்தேன். குளிர் முகத்தில் அறைந்தது. மெஷினின் முதுகில் வெள்ளையாக ஐஸ் படிந்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காற்றிலிருக்கும் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, குளிர்ந்த காற்றை வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. அடைத்த அறைக்குள் தான் தள்ளிய குளிரையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டு கிடந்திருக்கிறது பாவம்.

சொல்லிவிடலாம் என்று திரும்பினால், குளத்தைச் சுற்றி ஊரே நிற்கிறது. மாமனார் துண்டைக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தார். முதலில் மாப்பிள்ளைதான் இறங்க வேண்டுமாம், மரியாதையாம். இறங்கினேன். இடுப்பளவு போனதும் உயிர் உச்சந்தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"எப்புடி மாப்ள, சூடு இருக்கா?"

"வெதுவெதுன்னு இருக்கு மாமா."

சொல்லும்போதே பல் தந்தியடித்தது. என்ன செய்ய, அவர் என்னை நம்பினார். படி இருக்கிறது என்பதையும் மறந்து தொபுக்கென்று குதித்தார். "ஆத்தாடி" என்று ஒரு சத்தம். அடுத்த நொடி, யார் கையையும் பிடிக்காமல் கரையில் நின்றார். அந்த முழங்கால் அப்படி வேலை செய்து கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை என்று மாமியார் இன்றைக்கும் சொல்வார். என் மனைவி செல்வி துண்டை நீட்டியபடி, மெதுவாக, "காலேஜுல நெசமாவே என்னதாங்க படிச்சீங்க?" என்று கேட்டாள்.

மெஷினை அக்னி மூலையிலிருந்து நகர்த்த மாமனார் சம்மதிக்கவில்லை. அறையைத்தான் இடித்தார். பூ வைக்க இடம் போச்சே என்று வருத்தப்பட்டவர் மாமியார் மட்டுமே. அதன் பிறகு குளம் நன்றாகவே சூடாகிறது. மாமனாரும் தினமும் அதில் நடக்கிறார்.

ஆனால் அந்த வீட்டில் ஆறிப்போன காபிக்கும் பச்சைத் தண்ணீருக்கும் இன்றுவரை பெயர் மாப்பிள்ளைச் சூடு. போன வாரம் என் ஆபீஸ் நண்பர்கள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தபோது, ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா, ரசம் மாப்பிள்ளைச் சூடா இருக்கு" என்றாள். நண்பர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் ரசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு நடந்தேன்.

பின்னாலிருந்து செல்வியின் குரல் வந்தது. "கதவச் சாத்தாமச் சூடு பண்ணுங்க."