எட்டாம் ஆள், சேர்!

அசையாமல் நிற்பதற்கென்றே பிறந்த மனிதர் முல்லைத்தீவில் ஒருவர்தான் இருந்தார்: எங்கள் அற்றென்ஷன் அண்ணை. ஒருமுறை அவருடைய தொப்பியில் ஒரு காகம் இறங்கி, வடை ஒன்றை ஆறுதலாகத் தின்று முடித்து, அலகை அவருடைய காதில் துடைத்துவிட்டுப் போனது. அண்ணை கண்ணிமைக்கவில்லை.

வெள்ளைக்காரனின் பெரிய சண்டையில் செத்த எங்கள் பகுதி ஆட்கள் ஏழு பேரின் பெயர் வெட்டிய கல்லொன்று, அரசாங்க அலுவலகமான காரியாதிகாரி கந்தோருக்கு முன்னால் நின்றது. ஒவ்வொரு கார்த்திகையிலும் அதற்கு மரியாதை நடக்கும். நான்கு மூலையிலும் நான்கு பேர் துவக்கைக் குழல் நிலம் பார்க்கத் தலைகீழாகப் பிடித்து, தலை குனிந்து காவல் நிற்க வேண்டும். சண்டைக்குப் போய்வந்தவர் அண்ணை மட்டுந்தான். மற்ற மூவரும் கந்தோர்ப் பியோன்கள். உயரமாக வளர்ந்த குற்றத்துக்காக நானும் அவர்களில் ஒருவன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் கவலைப்படுவதில் பெரிய படிப்புப் படித்தவன். மயங்கி விழுந்தால்? தும்மல் வந்தால்? துவக்கு வழுக்கிக் காரியாதிகாரியின் காலில் விழுந்தால்? அது அண்ணையே முதிரைக் கட்டையில் செதுக்கிய துவக்கு. விழுந்தால் கால் மிஞ்சாது.

“நுளம்பு கடிச்சா என்ன செய்யிறது, அண்ணை?”

“குடிச்சிட்டுப் போகட்டும். செத்தவன்ரை காவலிலை சொறியக்கூடாது.”

அப்படிப்பட்டவரும் வருடத்துக்கு ஒருமுறை அசைவார். கிளாக்கர் ஏழு பெயரையும் வாசித்து முடித்ததும் தலையை நிமிர்த்திக் கத்துவார்:

“எட்டாம் ஆள் சூசைப்பிள்ளை! வருத்தம், சேர்!”

சூசைப்பிள்ளை கொக்கிளாய்க்காரன். அண்ணையோடு சண்டைக்குப் போனவன், முகாமில் பக்கத்துக் கட்டில். மலேரியாவில் செத்தான். காய்ச்சலில் செத்தவனுக்குக் கல்லில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். முகாமில் காலையில் பெயர் கூப்பிடும்போது, நோயில் படுத்திருப்பவனுக்காகப் பக்கத்துக் கட்டில்காரன்தான் “வருத்தம், சேர்”, அதாவது சுகமில்லை என்று பதில் சொல்ல வேண்டுமாம். அன்றும் அண்ணை அப்படியே சொல்லிவிட்டுத் திரும்பிப் போனால், உடம்பு விறைத்துக் கிடந்ததாம்.

“செத்தவனை வருத்தக்காரன் எண்டு சொல்லிப்போட்டன், தம்பி. கல்லிலை பேர் ஏறுமட்டும் அந்தக் கதையை மாத்தமாட்டன்.”

புதிதாக வந்த காரியாதிகாரிக்கு இது பொறுக்கவில்லை. “இனிக் கத்தினா காவலிலை இடமில்லை, விளங்கிச்சோ?”

“ஓம், சேர்” என்றார் அண்ணை. அந்தக் கார்த்திகையிலும் கத்தினார். அங்கேயே துவக்கை வாங்கிக்கொண்டு வேலிக்கு வெளியே அனுப்பினார்கள். மழையில், வேலியோரம், வெறுங்கையோடு அற்றென்ஷனில் நின்றார். கல் இருந்த பக்கம் அவருடைய மூக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த மழைக்கு முன்னமே காய்ச்சல் அவரையும் பிடித்தது. நான் பார்க்கப் போனபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் நேராகத்தான் படுத்திருந்தார்.

“இந்தமுறை சூசைக்கு ஆர் பதில் சொல்லுறது?”

“எனக்குப் பயமாக் கிடக்கு, அண்ணை. வேலை போயிடும்.”

“பயப்பிடு. ஆனா நேரா நிண்டு பயப்பிடு.”

பஸ்ஸுக்கு நேரமாச்சென்று எழும்பி வந்துவிட்டேன். மூன்றாம் நாள் அவரைப் புதைத்தோம்.

கார்த்திகை வந்தது. அவருடைய மூலையில் வேறொருவன் நின்றான். கிளாக்கர் ஏழு பெயரையும் வாசித்தார். காரியாதிகாரி என்னையே பார்ப்பது போலிருந்தது.

“எட்டாம் ஆள் சூசைப்பிள்ளை! வருத்தம், சேர்!”

கத்தியது நான்தான். வாயை மூடப் பார்த்தேன். அது மூடவில்லை.

“ஒன்பதாம் ஆள், எங்கடை அண்ணை. அவருக்கும் வருத்தம், சேர்.”